வாசம் ஆகாத நாட்கள்

ஜனவரி 9, திங்கள்

இந்த நோட்டு நர்ஸ் ஜெசிந்தா சொல்லி வாங்கியது. "வீட்டுக்குப் போனதும் எத்தனை மணிக்கு மாத்திரை குடுத்தீங்க, எத்தனை தடவை வாந்தி, என்ன சாப்பிட்டாங்க, எது உள்ள நின்னுச்சு, எல்லாத்தையும் எழுதுங்கண்ணா. ஞாபகத்துல வச்சுக்கலாம்னு இருந்துடாதீங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. நோயாளி என் மனைவி துளசிமணி, வயது 47. மார்பில் கட்டி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இன்று முதல் ஊசி. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு. கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன். மருந்து சிவப்பாக, ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. ஊசிக் குழாயில் அது இறங்குவதைத் துளசி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவிநாசி வழி பஸ்ஸில் கோபி வந்து சேர்ந்தபோது மாலை ஆறு. வழியில் ஒன்றுமில்லை. "இவ்வளவுதானா?" என்றாள். ஏழரைக்கு ஒரு தடவை வாந்தி.

ஜனவரி 10

காலை 6: மாத்திரை. 6.20: வாந்தி, மாத்திரையும் வந்துவிட்டது. அரை மணிக்குள் வந்தால் திரும்பக் கொடுக்கலாம் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தார். கொடுத்தேன்.
இட்லி ஒன்று, நிற்கவில்லை. மோர் அரை டம்ளர், நின்றது. பொரி ஒரு கை, நின்றது.
மொத்தம் ஆறு தடவை.

ஜனவரி 11

ஒன்பது தடவை.

மதியம் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். அவள் கட்டிலில் இருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று குனிந்தேன். கையால் என்னைத் தள்ளிவிட்டு வாளியை இழுத்துக்கொண்டாள். முடித்த பிறகு, "தள்ளி இருங்க. உங்க மேல காப்பி வாசம்" என்றாள்.

நான் காப்பிப் பொடிக் கடையில் கொட்டை வறுக்கிறவன். இருபத்தேழு வருஷம். என் தலைமுடியிலும் நகத்திலும் அந்த வாசனைதான். கல்யாணமான புதிதில், என் சட்டையைத் துவைக்கவே மனசு வரவில்லை என்று அவள் சொன்னதுண்டு.

ஜனவரி 12

கடையிலேயே குளித்துவிட்டு வந்தேன். வீட்டில் மறுபடி ஒரு தடவை. சீயக்காய் போட்டுத் தலைக்கும். புதுச் சட்டை. கதவைத் திறந்து உள்ளே போனேன். மூன்றடி வைத்திருப்பேன்.

"வேண்டாமுங்க" என்றாள்.

வீட்டிலிருந்த பொடி டப்பாவையும் வடிகட்டியையும் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நானும் காப்பி குடிப்பதில்லை. தலைவலிக்கிறது. ஐந்து தடவை.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். அடுப்பு பற்றவைக்கவில்லை. கீழ்வீட்டு அம்மா சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தார்கள். நெய் வாசனைக்கே அவளுக்குப் புரட்டியது. படியிலேயே வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மூன்று நாளாக மொட்டை மாடியில்தான் படுக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரம் போட்ட இடம் இருக்கிறது. பனி அதிகம். ஆனால் தூங்க முடிகிறது.

மாலையில் மாடியிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன். ஒரே வீட்டுக்குள் போன் பேசுவது முதல் நாள் சிரிப்பாக இருந்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"சும்மா உக்காந்திருக்கிறேன். எல்லாரு வீட்டு மாடியிலயும் பசங்க கத்திட்டிருக்காங்க. உனக்கு எப்படி இருக்குது?"

"ஒருக்காத்தான் வந்துச்சு. எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்குகிட்ட வச்சுக்கிட்டா கொஞ்சம் அடங்குது. நாளைக்கு நாலு வாங்கி வாசப்படியில வச்சுட்டுப் போங்க."

"சரி."

"போனை வைக்கட்டா?"

"வை" என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே நின்றுவிட்டது.

ஜனவரி 18

வாந்தி இல்லை. ஆறின சாதத்தில் தயிர் விட்டுப் பிசைந்து நாரத்தங்காய் ஊறுகாயுடன் ஒரு கிண்ணம். எவர்சில்வர் கரண்டி வாயில் பட்டால் துருப்பிடித்த ருசி வருகிறதாம். மரக்கரண்டி வாங்கிக் கொடுத்தேன். சூடாக எதையும் அவள் பக்கம் கொண்டுபோகக் கூடாது, ஆறினால்தான் வாசனை கிளம்பாது. இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை வாந்தி எடுத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஜனவரி 24

முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. போனில் சொன்னாள்.

ஜனவரி 30, திங்கள்

இரண்டாவது ஊசி.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

ஜெசிந்தா இன்று லீவு. டாக்டரம்மா நேராகத் துளசியிடமே கேட்டார். "வாந்தி எப்படிம்மா இருந்துச்சு?"

"ஒண்ணு ரெண்டு தடவை வந்துச்சுங்க. தாங்கிக்கலாம்" என்றாள் துளசி.

இந்த நோட்டு என் மடியில், பைக்குள் இருந்தது. ஏழு நாளில் இருபத்தேழு தடவை என்று கூட்டி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். பையின் ஜிப்பில் கை வைத்தேன். துளசி என்னைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா போன தடவை எழுதிய அதே மாத்திரைகளை எழுதினார்.

பஸ்ஸில் கேட்டேன். "ஏன் துளசி அப்படிச் சொன்னே?"

"சொன்னா என்ன ஆகப்போகுது?" என்றாள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். என் பக்கத்து ஆள் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

பிப்ரவரி 1

எண்ணவில்லை. பதினைந்துக்கு மேல் இருக்கும். கடைசியில் பச்சையாகத்தான் வந்தது.

பிப்ரவரி 2

காலையில் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள். நாக்கு மரக்கட்டை போல் இருந்தது. நேற்று மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். ஆட்டோ பிடித்து இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தூக்கி ஆட்டோவில் வைத்தது நான்தான். என் தோள்மீது வாந்தி எடுத்தாள். அதில் எனக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரத்தில் அவளைத் தொட்டது அப்போதுதான்.

நான்கு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. நான் வராண்டாவில் இருந்தேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாடியிலிருந்து போன் செய்தேன்.

"இனி அந்த ஊசி எனக்கு வேண்டாமுங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டுதானே."

"கட்டி இருந்தா இருந்துட்டுப் போவுது. இந்தக் கொமட்டலோட இருக்கிறதுக்கு அது தேவலாம். வாயில எச்சி ஊறுனாலே பயமா இருக்குது. கண்ணை மூடுனா அந்தச் செகப்பு மருந்து. நேத்து டி.வி.யில ஏதோ செகப்பாச் சீலை காமிச்சாங்க, அதுக்கே வந்துடுச்சு."

"டாக்டர்கிட்டச் சொல்லலாம் துளசி. ஏதாச்சும் பண்ணுவாங்க."

"நான் சொல்ல மாட்டேன். ஒருக்காச் சொல்லிப் பாத்தாச்சு. அப்ப யாரு கேட்டாங்க?"

எப்போது என்று நான் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வழிந்தது. போய் மோட்டாரை நிறுத்தினேன்.

பிப்ரவரி 8

சாதம் அரைக் கிண்ணம். வெள்ளரிக்காய். வாந்தி இல்லை. என்னோடு பேசவும் இல்லை.

பிப்ரவரி 11

கடையில் ஒரு ஈடு கொட்டையைக் கருக விட்டுவிட்டேன். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. முதலாளி வந்து பார்த்தார். திட்டவில்லை. "நாச்சிமுத்து, ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 13, திங்கள்

துளசியிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போனேன். தனியாக. ஊசி போடும் வார்டுக்கு வெளியில் ஜெசிந்தாவைப் பார்த்து நோட்டைக் கொடுத்தேன்.

நின்றபடியே புரட்டினார். பிறகு உட்கார்ந்து படித்தார். இதில் நான் என்னென்னவோ எழுதி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டு வாங்கிவிடலாம் போல் இருந்தது. அதற்குள் அவர் பிப்ரவரி ஒன்றாம் தேதிக்கு வந்துவிட்டார்.

"முப்பதாந்தேதி இதை ஏண்ணா டாக்டர்கிட்டக் காமிக்கலை?"

"அவ வேண்டாம்ங்கிற மாதிரிப் பாத்தாளுங்க."

"வாந்தி அவங்களுக்குத்தான் வருது. ஆனா நீங்களும்தானே கூட இருக்கீங்க?" என்றார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

என்னை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். டாக்டரம்மா இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு இருந்தா இதைத் தாங்கிக்கணும்னு ஒண்ணும் இல்லைங்க. மருந்தைக் கூட்டலாம், மாத்தலாம். அடுத்த தடவை ஊசி போடறதுக்கு முன்னாடியே ஒரு கேப்ஸ்யூல் ஆரம்பிச்சு மூணு நாள் கொடுப்போம். ராத்திரி படுக்கும்போது ஒரு சின்ன மாத்திரை, அது நல்லாத் தூங்க வைக்கும். கிளம்பறதுக்கு முந்தின நாளே பயம் வருதுன்னா அதுக்கும் ஒண்ணு தர்றேன். ஆனா எனக்குத் தெரிஞ்சாத்தானே கொடுக்க முடியும்? அவங்க ரெண்டு தடவைன்னு சொன்னாங்க, நான் ரெண்டுன்னே எழுதிக்கிட்டேன்."

இவ்வளவுதான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். கண் எரிச்சல் என்று சொன்னேன்.

பிப்ரவரி 14

துளசியிடம் சொன்னேன். கதவுக்கு வெளியில் நின்று சொன்னேன்.

"நோட்டைக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"எல்லாத்தையும் படிச்சாங்களா? நான் பேசுனதையெல்லாம் எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கிறேன்."

உள்ளே கட்டில் அசையும் சத்தம் கேட்டது. பிறகு, "என்னைக் கேக்காமப் போயிருக்கீங்க" என்றாள்.

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பே. இன்னும் ஒரே ஒரு தடவை வா துளசி. புது மாத்திரையும் கேக்கலைன்னா, அப்புறம் நான் உன்னைக் கூப்பிடவே மாட்டேன்."

"நெசமா?"

"நெசமா."

சத்தியம் செய்யச் சொல்வாள் என்று நினைத்தேன். "சரி, அந்த மோரை வச்சுட்டுப் போங்க" என்றாள்.

பிப்ரவரி 20, திங்கள்

மூன்றாவது ஊசி.

நேற்றே பய மாத்திரை கொடுத்தேன். காலையில் பஸ்ஸில் அமைதியாகத்தான் வந்தாள். இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆஸ்பத்திரி காம்பவுண்டுச் சுவர் கண்ணில் பட்டதும் என் கையைத் தட்டிவிட்டு ஓரமாக ஓடினாள். ஊசி போடவே இல்லை, உள்ளே கூட நுழையவில்லை. கேட்டருகே வாந்தி எடுத்துவிட்டு, "பாத்தீங்களா? நான் சொன்னேனுங்களே?" என்றாள். அழுதாள்.

வாட்ச்மேனின் ஸ்டூலில் அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடி ஜெசிந்தாவைக் கூட்டி வந்தேன். அவர் அவள் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அக்கா, இது உங்க மேல தப்பில்லை. ரெண்டு தடவை இங்க வந்து கஷ்டப்பட்டிருக்கீங்க. இந்த இடத்தைப் பாத்ததும் ஒடம்பு முன்கூட்டியே ஆரம்பிச்சுடுது. நிறையப் பேருக்கு வர்றதுதான். வாங்க, இன்னிக்குப் பின்பக்கமாப் போலாம்."

வழக்கமான ஹாலில் இல்லாமல் கடைசியில் ஒரு சின்ன அறை. சிவப்பு ஊசிக் குழாயைப் பச்சைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தார்கள். வாயில் ஐஸ் கட்டி போட்டுச் சப்பச் சொன்னார்கள். ஜெசிந்தா ஊசியைத் தள்ளிக்கொண்டே அவள் ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கம்மா ஊடு பவானிங்க. ஆத்துக்குப் பக்கத்துல" என்று துளசி சொல்வது வெளியில் எனக்குக் கேட்டது.

பிப்ரவரி 21

காலை 8: கேப்ஸ்யூல்.
வாந்தி இல்லை. தூங்கிக்கொண்டே இருக்கிறாள். இரண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று கதவோரம் நின்று பார்த்தேன்.

பிப்ரவரி 22

ஒரு தடவை. அதுவும் கொஞ்சம். இளநீர், தயிர்சாதம், பொரி. எல்லாம் நின்றது.

பிப்ரவரி 23

இல்லை. இல்லை என்று எழுத இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று தெரியாது.

பிப்ரவரி 24, வெள்ளி

லீவில் இருப்பதால் என் மேல் வாசனை குறைந்திருக்க வேண்டும். வாசற்படி வரை வந்து உட்காரலாம் என்றாள். உட்கார்ந்தேன். தலையில் துண்டு கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

"அந்த நோட்டைக் குடுங்க. டாக்டரெல்லாம் படிச்சிருக்காங்க, நான் படிக்கக் கூடாதுங்களா?"

கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். பனியில் படுத்ததைப் படித்தபோது, "சால்வை எடுத்துட்டுப் போயிருக்கலாமல்ல?" என்றாள். முடித்துவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப யாரு கேட்டாங்கன்னு நான் சொன்னதை எழுதியிருக்கீங்க. எப்பன்னு எழுதலை."

நான் படியில் கிடந்த பொரியைப் பொறுக்கினேன்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப அதையும் எழுதுங்க. இத்தனை வருசத்துல நாம அதை ஒரு வார்த்தை பேசுனதில்லை. எழுதவாச்சும் செய்யுங்க."

மார்ச் 5, ஞாயிறு

ஒன்பது நாளாக நோட்டைத் தொடவில்லை. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள். எழுதியாயிற்றா என்று கேட்கவில்லை. நான் வேலைக்குப் போகிறேன், மாடியில் படுக்கிறேன்.

1998, புரட்டாசி. தேதி நினைவில்லை

துளசிக்கு அப்போது நான்காவது மாதம். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. அப்போதும் அவளுக்குக் காப்பி வாசனை ஆகவில்லை. என்னைக் கிட்டே வரவேண்டாம் என்றாள். எனக்கு ரோஷம் வந்தது. "என் பொழப்பே இதுதான், இதுல வாசம் பாத்தா எப்படி?" என்று சொல்லிப் பவானியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அவள் தம்பி அர்த்தநாரி கடைக்குப் போன் செய்தான். "தண்ணி கூட நிக்கலை மாமா. ஆஸ்பத்திரியில சேத்திருக்குது. அக்கா உங்களைப் பாக்கணும்ங்குது." ஆயுத பூஜை ஆர்டர் குவிந்திருந்த நேரம். "எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே, நான் வந்து என்ன பண்ணப் போறேன்?" என்றேன். மறுபடியும் போன் செய்தான். கடையில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் போன் வந்து ஏழு நாள் கழித்துப் போனேன். முந்தின நாளே குழந்தை கலைந்துவிட்டது. வாந்தியால் இல்லை, வேறு கோளாறு என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னால் இல்லை என்று நினைத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கடையிலிருந்து நேராகப் போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். துளசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் என்று இருபத்து நான்கு வருஷம் நினைத்திருந்தேன். இந்த ஜனவரியில்தான், அது என் மேலிருந்த வாசனையாகக் கூட இருக்கலாம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

நாளை நான்காவது ஊசி. மாலையில் நோட்டை அவளிடம் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்தேன்.

மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "பேனா இருக்குங்களா?" என்றாள். எழுந்து கொடுத்தேன். அவ்வளவு கிட்டே போனதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு நாள் என்று நான் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தாள்.

"ஏழு இல்லீங்க, பதினொண்ணு. நான் எண்ணிட்டே இருந்தேன்."

மேலே பதினொன்று என்று எழுதினாள். பிறகு கடைசி வரிகளை இன்னொரு தடவை படித்தாள்.

"அது வாசத்துக்கில்லீங்க" என்றாள். "கோபந்தான்."

நான் தலையை ஆட்டினேன். அவள் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்து என்னிடம் நீட்டினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"நாளைக்கு அந்தக் கேட்டைத் தாண்டுற வரைக்கும் என் கையை விடாதீங்க" என்றாள். "நான் தட்டிவுட்டாலும்."